நூறு பேரைப் பிடிக்க இரண்டாயிரம் பேர் எதற்கு?

ஆடிப் பதினெட்டை ஒட்டித் தீரன் சின்னமலைக்கு மாலை அணிவித்து முடிந்த மறுவாரம், அறச்சலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பீரங்கி வைத்திருந்த கிழக்கிந்தியக் கும்பினியை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இத்தனை ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்? பெரியவர்கள் அம்மன் அருள் என்கிறார்கள். அறிவியலில் இதற்கு விடை உண்டா?"

வரலாறு நீங்கள் அறிந்ததுதான். 1799 மே மாதம் திப்பு வீழ்ந்தார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைப் பிடிக்க நடந்த முயற்சி தோற்றது. அதன் பிறகும் காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் மோதல்கள் தொடர்ந்தன. 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். சிறுபடை பெரும்படையை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பது உலகெங்கும் திரும்பத் திரும்ப நடந்திருப்பதால், கெரில்லாப் போரை ஆராய்வதற்கென்றே ஒரு புலமைத் துறை வளர்ந்திருக்கிறது. அரசியல் அறிவியல், வரலாறு, மானிடவியல் எல்லாம் கலந்த அத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது, பிளஸ் டூ கணிதம் படித்தவர் எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சமன்பாடு.

அதற்கு முன்னோடி பிரெடரிக் லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப் பொறியாளர். நேருக்கு நேர் சுடும் போரில், ஒரு படை ஆட்களை இழக்கும் வேகம் எதிரிப்படையின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1916இல் வெளியான நூலில் அவர் எழுதினார். இதைத் தொகையிட்டால், படையின் வலிமை எண்ணிக்கையைப் போல அல்லாமல் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல உயர்வது தெரியும். ஒரே வகை ஆயுதம் ஏந்திய 1,000 பேரும் 500 பேரும் கடைசிவரை மோதினால், 500 பேரும் அழியும்போது மறுபக்கத்தில் ஏறத்தாழ 866 பேர் மிஞ்சியிருப்பார்கள். இந்தக் கணக்குப்படி சின்னமலை முதல் நாளே தோற்றிருக்க வேண்டும்.

1962இல் சீமோர் டைட்ச்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தச் சமன்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். பதுங்கியிருக்கும் கெரில்லாவுக்கு எதிரி தெரிகிறான். ஆகவே அவர் குறிபார்த்துச் சுடுகிறார். சாலையில் வரும் அரசுப் படைக்கோ ஆள் தெரிவதில்லை. குண்டு வந்த திசையிலுள்ள நிலப்பரப்பு முழுவதையும் நோக்கிச் சுடுகிறது. குறியில்லாமல் சுடும்போது ஒருவர்மீது குண்டு படும் வாய்ப்பு, அந்தப் பரப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. சோளக்காட்டில் இறங்கிய மயில்களைப் பார்க்காமலேயே வரப்பில் நின்று கல்லெறிபவரை எண்ணிக்கொள்ளுங்கள்: உள்ளே நாற்பது மயில் இருந்தால் ஏதோ ஒன்றின்மேல் கல் படலாம், நான்கே இருந்தால் அத்தனை கல்லும் மண்ணில்தான் விழும். ஆள் குறையக் குறைய மிஞ்சியவருக்குப் பாதுகாப்பு கூடுகிறது என்ற இந்த விசித்திரத்தை லான்செஸ்டரின் வர்க்க விதியில் பார்க்கவே முடியாது.

விளக்கத்துக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். கெரில்லாக்கள் 200 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்ட புதர்க்காட்டில் இருக்கிறார்கள். புதருக்கு வெளியே ஒவ்வொருவர் உடலிலும் தெரியும் பகுதி 0.2 சதுர மீட்டர். அவர்கள் சுடும் பத்துக் குண்டுகளில் ஒன்று இலக்கைத் தாக்குகிறது. இரு தரப்பும் சுடும் வேகம் ஒன்றே. அரசுப் படையின் ஒரு குண்டு குறிப்பிட்ட ஒரு கெரில்லாவின்மேல் படும் வாய்ப்பு இரண்டு லட்சத்தில் ஒன்று. இந்த எண்களைச் சமன்பாட்டில் இட்டுத் தொகையிட்டால், இரு தரப்பும் சமமாக நிற்பதற்கு அரசுப் படை எண்ணிக்கையின் வர்க்கம், கெரில்லா எண்ணிக்கையின் 40,000 மடங்காக இருக்க வேண்டும் என்று வருகிறது. 400 கெரில்லாக்களுக்கு 4,000 பேர் வேண்டும், அதாவது பத்து மடங்கு. 100 பேருக்கு 2,000, இருபது மடங்கு. 25 பேருக்கு 1,000, நாற்பது மடங்கு! கூட்டம் சிறுக்கச் சிறுக்க, எதிர்க்கத் தேவையான விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. காட்டின் நீள அகலத்தை இரட்டித்தால் தேவைப்படும் படையும் இரட்டிக்கும்.

இனி அதே நூறு பேர் இருக்கும் இடத்தை யாரோ ஒருவர் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வோம். தேட வேண்டிய இடம் இருபது மீட்டர்ச் சதுரமாகச் சுருங்குகிறது. பரப்பு நூறில் ஒரு பங்காகிறது. 2,000 பேர் தேவைப்பட்ட வேலைக்கு 200 பேர் போதும். ஒரு துப்பு 1,800 சிப்பாய்களுக்குச் சமம். ஓடாநிலைக் கோட்டையைக் கைவிட்டு மலைப்பக்கம் ஒதுங்கிய சின்னமலையை அவருடைய சமையற்காரரே காட்டிக்கொடுத்தார் என்று கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லிவருவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். கோட்டையை விட்டு வெளியேறியதும் கணக்குப்படி சரியான முடிவே. கோட்டை என்பது பீரங்கிக்காரனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது.

அம்மன் அருளுக்கும் தாயத்துக்கும் இந்தச் சமன்பாட்டில் இடமில்லை. 1905இல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் மந்திர நீர் குண்டுகளைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்பி எழுந்த மாஜி மாஜி கிளர்ச்சியாளர்கள், இயந்திரத் துப்பாக்கியின் முன் திரளாகப் போய் மடிந்தார்கள். ஆனால் காங்கோவின் கிழக்குப் பகுதியில் இத்தகைய நம்பிக்கையைப் பற்றி 2017இல் எழுதிய பொருளியலாளர்கள் நேதன் நன்னும் ரவுல் சான்செஸ் டெ லா சியர்ராவும், அது தனி ஆளுக்குக் கேடாக இருந்தாலும் பயத்தைப் போக்கி ஊரையே ஒன்றாக எதிர்த்து நிற்க வைப்பதால்தான் பொய்யென்று தெரியாமல் நீடிக்கிறது என்று வாதிட்டனர். எனக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறது, தாயத்து பிடிக்கவில்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள பழைய கோவை மாவட்டப் பதிவுகளை வாசித்து, எந்த மோதலில் எத்தனை பேர், எந்த நிலத்தில் என்று பட்டியலிட, ஒரு கணித மாணவருக்கும் ஒரு வரலாற்று மாணவருக்கும் சேர்த்து இரண்டாண்டு உதவித்தொகை கொடுத்தால், இந்தச் சமன்பாட்டை நம் மண்ணிலேயே சோதிக்கலாம். ஒரு சிலைக்கு ஆகும் செலவில் சிறு பங்கே அதற்குப் போதும். சிலைக்குக் கிடைக்கும் பணம் இதற்கு ஏன் கிடைப்பதில்லை என்பதை விளக்கச் சமன்பாடு தேவையில்லை.

டைட்ச்மனின் கணக்கில் விடுபட்ட ஒன்றை 2009இல் மோஷே கிரெஸ், ராபர்ட்டோ செக்ட்மன் என்ற ஆய்வாளர்கள் சேர்த்தனர். புதர்க்காட்டில் பொதுமக்களும் இருக்கிறார்கள். துப்பில்லாமல் சுட்ட குண்டு அவர்கள்மேல் பட்டால், ஆத்திரத்தில் சிலர் கிளர்ச்சிப் பக்கம் போவார்கள். மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். துப்பு இன்னும் குறையும். அடுத்த குண்டு இன்னும் அதிகமாகத் தவறும். இந்தச் சுழலைக் கணக்கிட்டுப் பார்த்து, ஆயுத பலத்தால் மட்டும் கிளர்ச்சியை அறவே ஒழிக்க முடியாது, ஓர் அளவோடு நிறுத்தி வைக்கத்தான் முடியும் என்று அவர்கள் முடித்தனர்.

வீரப்பன் கிளர்ச்சியாளர் அல்லர். யானைத் தந்தமும் சந்தனமும் கடத்திய கொள்ளையர். ஆனால் கணக்கு ஆளைப் பார்ப்பதில்லை. சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைக் காடுகளின் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் இரு மாநில அதிரடிப்படைகள் ஆண்டுக்கணக்கில் தேடின. இடையில் அடிபட்டவர்கள் மலைக் கிராம மக்கள். அதிரடிப்படையின் அத்துமீறல்கள் குறித்த நீதிபதி சதாசிவா குழுவின் விசாரணைக்குப் பிறகு, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் அவர்களில் 89 பேருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. வீரப்பனைப் பிடித்த வழி வேறு. 2004 அக்டோபர் 18 அன்று, சிகிச்சைக்கு அழைத்துப் போவதாக நம்பவைத்துக் காட்டிலிருந்து வெளியே வரவழைத்து, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொன்றார்கள். தேட வேண்டிய பரப்பு அன்றிரவு ஓர் ஆம்புலன்ஸ் வண்டியின் உட்புறம் அளவுக்குச் சுருங்கியிருந்தது.