ஃபார்மேட் போட்டால் எஸ்எம்பிஎஸ் சரியாகாது

நேற்று முன்தினம் மாலை ஒரு கல்லூரி மாணவர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பின்னாலேயே அவருடைய அப்பா. "அண்ணே, கேம் ஓப்பன் பண்ணி பத்து நிமிஷத்துல ஆஃப் ஆகி ஆன் ஆகுது. ஒரு ஃபார்மேட் போட்டுக் கொடுங்க" என்றார் மாணவர். இதற்கு முன்னால் எத்தனை தடவை போட்டீர்கள் என்று கேட்டேன். மூன்று மாதத்தில் நான்கு தடவை, இரண்டு கடைகளில். மூன்றாவது தடவை டி டிரைவையும் சேர்த்து அழித்திருக்கிறார்கள். தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் அதில்தான் இருந்தன. "ரெக்கவரி பண்ணிடலாம்ல தம்பி?" என்று அப்பா கேட்டார். எஸ்எஸ்டியில் ஃபார்மேட் போட்டதும், அழித்த இடத்தை உள்ளேயே துடைத்துவிடும் 'ட்ரிம்' ஓடிவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கில் தோண்டி எடுப்பதுபோல இதில் எடுக்க முடியாது. அதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கம்ப்யூட்டருக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படித்தேன். பெரிய எழுத்தில் 600 வாட். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 22 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 264 வாட். அந்தப் பையன் வைத்திருந்தது ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு. அது ஒன்றே 220 வாட் கேட்கும். ரைசன் 5 5600 புராசசர் முழு வேகத்தில் ஓடினால் இன்னும் 76 வாட். இரண்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஃபேன், போர்டு எதையும் சேர்க்காமலே கணக்கு இடிக்கிறது. போதாததற்குக் கார்டின் இரண்டு சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளைக் கிளை பிரித்துச் செருகியிருந்தார்கள். இப்படிப்பட்ட கேஸ் இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபார்மேட் என்பது டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக எழுதுவது. அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ்ஸை அது தொடாது. ரேமைத் தொடாது. புராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் தொடாது. "ஆனா ஃபார்மேட் போட்டப்புறம் நாலு நாள் நல்லாத்தானே ஓடிச்சு?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஓடியிருக்கும். ஏன் தெரியுமா? முதல் இரண்டு நாள் நீங்கள் கேம் விளையாடவே இல்லை. 100 ஜிபி டவுன்லோடு ஆகிக்கொண்டிருந்தது. கார்டு சும்மா இருந்தது. அதோடு கடைக்காரர் கேபினெட்டைத் திறந்தபோது புளோயர் அடித்திருப்பார், ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியிருப்பார், லூசாக இருந்த ஒரு கனெக்டரை அழுத்திவிட்டிருப்பார். பலன் கிடைத்திருந்தால் அந்தக் கை வேலையால் கிடைத்தது. பெயர் மட்டும் ஃபார்மேட்டுக்குப் போய்விட்டது. மறுபடி தூசி சேரும், மறுபடி லோடு ஏறும், மறுபடி கடைக்கு வருவீர்கள்.

பிரௌசரும் படமும் மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடி, கேமில் மட்டும் சிஸ்டம் விழுகிறதா? விண்டோஸைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். முதலில், எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். யாரோ சுவிட்சை அணைத்ததுபோலப் பட்டென்று போகிறது என்றால் கரன்ட் பக்கம் பாருங்கள்: எஸ்எம்பிஎஸ், கேபிள், சுவர் பிளக். கேம் மெல்ல மெல்லத் திக்கி, ஃபேன் இரைந்து, பிறகு விழுகிறது என்றால் சூடு. புராசசர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். அணைவது அதற்கும் பிறகு. நீலத் திரை வந்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எரர் காட்டுகிறது என்றால் ரேமைத்தான் நான் முதலில் கழற்றுவேன். படம் உறைந்து, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் ரீங்காரமிட்டபடி நின்றால் கார்டு, அதன் டிரைவர், ரேம் மூன்றையும் பார்க்க வேண்டும். சில நொடி உறைந்து, தானாக விடுபட்டு, மறுபடி உறைகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது என்றால் டிஸ்க் சாகப்போகிறதோ என்று சந்தேகப்படுங்கள். வேறு எதையும் செய்யாமல், அந்த நிமிடமே முக்கியமானவற்றைக் காப்பி எடுங்கள்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் பார்த்துவிட்டு, "கெர்னல் கரப்ட் ஆயிடுச்சு" என்று வருகிறவர்கள் உண்டு. அந்த வரிக்கு, போன தடவை முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அது உங்களுக்கே தெரியும். அதற்கு முன்னால் 'WHEA-Logger' என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஹார்டுவேர் தானே வாய்திறந்து புகார் சொல்லியிருக்கிறது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி இவற்றில் பல நிலைகுலைந்ததை இன்டெல் நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டது. கேம் ஏறும்போதே 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று வந்து மூடிக்கொள்வது இதன் பிரபலமான அறிகுறி. அதைப் பார்த்துக் கார்டைக் குற்றம் சொல்லி மாற்றியவர்கள் ஏராளம். 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்த மைக்ரோகோடு (புராசசருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தங்களுக்குப் பிந்தைய பயாஸை, அதாவது மதர்போர்டின் உள் மென்பொருளைப் போடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது. ஆனால் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டியிருக்கிறார்கள். பில்லைத் தேடி எடுங்கள்.

ரேமில் எக்ஸ்எம்பி (ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓடவைக்கும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்திருந்தால் ஒரு நாள் அதை அணைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது. வேறு வேறு கம்பெனி ரேமை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவர்கள் கட்டாயம் செய்யுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான். "ஒண்ணுதானே" என்று விடாதீர்கள்.

அடுத்தது வீட்டு இன்வெர்ட்டர். நம் ஊரில் பாதி வீடுகளில் கம்ப்யூட்டர் அந்த லைனில்தான் ஓடுகிறது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும் போதும். நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. சைன் வேவ் வைத்திருந்தும் கரன்ட் போகும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், பின்பக்கம் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பாருங்கள். நார்மலில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தை எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்காது. எர்த் இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரிக்கிற விஷயம் இல்லை அது.

கதவு வைத்த கம்ப்யூட்டர் டேபிளுக்குள் கேபினெட்டை வைக்காதீர்கள். துணி போட்டு மூடாதீர்கள். வெளியே 40 டிகிரி அடிக்கிற மே மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று கையை விட்டுப் பாருங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் போகும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் எறும்பு போயிருக்கிறது, பல்லி செத்திருக்கிறது என்று தெரிந்தாலும் அதை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி எறியும் அளவு மின்சாரம் நிற்கும்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரையைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். கரன்ட் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. உள்ளே இருக்கும் பொருளின் தரத்துக்கு அது சான்று ஆகாது. 12 வோல்ட் வரியில் ஆம்பியரைப் படித்து, பெருக்கி, கார்டும் புராசசரும் கேட்பதற்கு மேல் தாராளமாக இடம் விட்டு வாங்குங்கள். கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் சொன்ன அளவைத் தாண்டி இழுக்கும். அதைத் தாங்கத்தான் 2022இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதியே வந்தது. 60,000 ரூபாய் கார்டுக்கு 1,500 ரூபாய் எஸ்எம்பிஎஸ் மாட்டிக் கொடுக்கும் கடைக்காரரிடம் பில் போடும் முன்பே கேள்வி கேளுங்கள், தயவுசெய்து.

விண்டோஸ் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. என்விடியா கார்டைக் கழற்றி ஏஎம்டி மாட்டியவர்களுக்குப் பழைய டிரைவர் மிச்சம் கிடந்து தொல்லை தரும். அதற்கு சேஃப் மோடில், பழைய டிரைவரைத் துடைத்தெடுக்கும் டிடியு என்ற புரோகிராமை ஓட்டினால் போதும். மேலே சொன்னதெல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் ஃபார்மேட் போடலாம், காப்பி எடுத்த பிறகு.

கடைக்கு வரும்போது கேபினெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பவர் கேபிளையும், அது செருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸையும் கொண்டு வாருங்கள். சிஸ்டம் விழுகிற நேரத்தை மொபைலில் ஒரு வீடியோ எடுத்து வாருங்கள், சத்தத்தோடு.