ஆளில்லாக் கார் யாரிடம் வழி கேட்கிறது?

சான் பிரான்சிஸ்கோ, ஃபீனிக்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற அமெரிக்க நகரங்களில் ஓட்டுநர் இருக்கையில் யாருமே இல்லாத டாக்ஸிகள் இப்போது அன்றாடக் காட்சியாகிவிட்டன. மனிதரும் இயந்திரமும் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் தவறு எப்படி நுழைகிறது என்று ஆராய்வது என் தொழில் என்பதால், தெரிந்தவர்கள் என்னிடம் தவறாமல் ஒன்றைக் கேட்பார்கள்: "நிஜமாகவே அது தானாக ஓடுகிறதா, அல்லது எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து யாராவது ஓட்டுகிறார்களா?" இரண்டில் ஒன்றைப் பதிலாக எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் கார் தானாகவும் ஓடுகிறது, தேவைப்படும்போது தொலைவில் உள்ள ஒரு மனிதரிடம் கேட்கவும் செய்கிறது. அந்த மனிதர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, அவர் பதில் சொல்லத் தாமதமானால் என்ன ஆகும் என்பவற்றைப் பொதுமக்கள் அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொலைவில் ஸ்டீயரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் ஆகியவற்றோடு ஒருவர் உட்கார்ந்து, கேமராவில் தெரிவதைப் பார்த்து வண்டியை ஓட்டுவது தொலை ஓட்டுதல். ஜெர்மனியின் வே நிறுவனம் லாஸ் வேகஸில் வாடகைக் கார்களை வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இந்த முறையில்தான். தொலை உதவி என்பது வேறு. வேமோ போன்ற நிறுவனங்களின் ரோபோ டாக்ஸிகளில் ஓட்டுவது காரிலுள்ள கணினிதான். தனக்குப் புரியாத ஒரு சூழலில் அது கேள்வி அனுப்புகிறது, மனிதர் பதில் அனுப்புகிறார், அந்தப் பதிலையும் தன் சென்சார்கள் காட்டுவதையும் வைத்துக் கார் முடிவெடுக்கிறது. வழி கேட்டவருக்கு வழி சொல்பவர் அவருடைய வண்டியை ஓட்டுவதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும். வாகனத் தானியக்க நிலைகளை வரையறுக்கும், எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரநிலையும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே விளக்குகிறது.

ஏன் நேரடியாகவே ஓட்டிவிடக் கூடாது என்று கேட்கலாம். காரணம் தாமதம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் நகர்கிறது. காரிலிருந்து காணொலி தொலைவிலுள்ள மையத்துக்குப் போய், அங்கிருந்து கட்டளை திரும்பி வருவதற்குள் கால் விநாடி கழிந்தாலும் கார் ஏறக்குறைய மூன்று மீட்டர் கடந்திருக்கும். செல்பேசி வலையமைப்பில் அந்தத் தாமதம் ஒரே சீராகவும் இருப்பதில்லை. இதே சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் செவ்வாய்க் கோளில் ஊர்தி ஓட்டியவர்கள்தாம். சமிக்ஞை போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும் இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பயனில்லை. "இந்த வழியாக இங்கே போ" என்று பாதையை வரைந்து அனுப்பிவிட்டு, பள்ளம் மேடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஊர்தியிடமே விட வேண்டும். 2017 ஜனவரியில் நிசான் நிறுவனம் தானோட்டிக் கார்களுக்கான தன் தொலை உதவித் திட்டத்தை அறிவித்தபோது, நாசா இதற்காக உருவாக்கிய தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டதாகவே அதை அறிமுகப்படுத்தியது.

இனி உதவியாளரின் மேசைக்கு வருவோம். கோரிக்கை வந்ததும் திரையில் காரைச் சுற்றியுள்ள கேமராக் காட்சிகள் விரிகின்றன. பக்கத்திலேயே, கார் தன் லைடார் (லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் கருவி), ரேடார், கேமரா வழியாகத் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறதோ அது முப்பரிமாணப் பெட்டிகளாகத் தெரிகிறது: இது கார், இது சைக்கிள், இது மனிதர், இது என்னவென்று தெரியவில்லை. அதன் கீழே கேள்வி. பெரும்பாலும் ஆம், இல்லை என்றோ, மூன்று நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோ பதில் சொல்லக்கூடியதாகவே அது இருக்கும். சில வேளைகளில் மட்டும் சாலையின் மீது ஒரு கோடு வரைந்து, இப்படிப் போகலாம் என்று பரிந்துரைக்கும் வசதி உண்டு.

மிகச் சாதாரணமான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: முன்னால் நிற்கும் டெலிவரி லாரி சிக்னலுக்காக வரிசையில் காத்திருக்கிறதா, அல்லது சரக்கு இறக்குவதற்காக நிறுத்தப்பட்டிருக்கிறதா? வரிசையில் நிற்கும் லாரியைச் சுற்றிக்கொண்டு போவது எதிர்ப்பக்க வண்டிகளின் பாதையில் காரணமில்லாமல் நுழைவது. நிறுத்தப்பட்ட லாரியின் பின்னால் காத்திருப்பதோ பின்னால் வருபவர் அனைவரையும் மறித்துக்கொண்டு நிற்பது. அனுபவமுள்ள ஓட்டுநர் இதை யோசிப்பதுகூட இல்லை. பிரேக் விளக்கு எரிகிறதா, நான்கு பக்க இண்டிகேட்டரும் மின்னுகிறதா, பின் ஷட்டர் பாதி தூக்கியிருக்கிறதா, நடைபாதையில் தள்ளுவண்டி நிற்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிடுகிறார். திரையின் முன் இருப்பவருக்கும் இதே தடயங்கள் கிடைக்கின்றன, ஆனால் குறைவாக. லாரியின் மறுபக்கம் அவருக்குத் தெரியாது. கழுத்தை நீட்டிப் பார்க்கவும் முடியாது. கேள்வி வருவதற்கு முந்தைய அரை நிமிடத்தில் காரைச் சுற்றி என்ன நடந்தது என்பதும் அவருக்குத் தெரியாது, ஏனெனில் அப்போது அவர் வேறொரு காரின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சாலையின் சூழலுக்குள் படிப்படியாக வந்து சேர்ந்தவருக்கும், திடீரென்று அதன் நடுவில் இறக்கிவிடப்பட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாமவர் திரை எதைக் கேட்கிறதோ அதற்கு மட்டுமே பதில் சொல்வார். "லாரி நிற்கிறதா?" என்று கேட்டால் "நிற்கிறது" என்பார்; லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பணியாளர் சாலையில் இறங்கப் போகிறார் என்பதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆகவே, ஒரு தொலை உதவி மையத்தை மதிப்பிடும்போது உதவியாளரின் திறமையை அளப்பதற்கு முன் கேள்விகளின் வாசகத்தைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. "எனக்குத் தெரியவில்லை" என்ற விடைக்குப் பொத்தான் இல்லாத திரையை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

மனிதரின் பதில் தவறாகப் போன நிகழ்வுகள் பொதுப் பதிவிலேயே உள்ளன. 2021 மே மாதம், ஃபீனிக்ஸை ஒட்டிய சான்ட்லரில், சாலைப் பணிக்காக வைத்திருந்த கூம்புகளைக் கண்டு ஒரு வேமோ கார் திருப்பத்தில் நின்றுவிட்டது. உள்ளே இருந்த பயணி எடுத்த காணொலியைப் பலர் பார்த்திருப்பீர்கள்: உதவிக்குழு வந்து சேரும் நேரத்தில் கார் மீண்டும் நகர்ந்து போய் வேறோர் இடத்தில் மறித்துக்கொண்டு நின்றது. தொலை உதவியாளர் தவறான வழிகாட்டல் தந்ததே தொடக்கச் சிக்கலுக்குக் காரணம் என்று நிறுவனமே பின்னர் கூறியது. 2024 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. தொலைவிலிருந்த மனிதர் தந்த தவறான கட்டளையால் ஒரு வேமோ கார் சிவப்பு விளக்கைத் தாண்டிச் சந்திப்புக்குள் நுழைந்தது. குறுக்கே வந்த மொபெட் ஓட்டியவர் சறுக்கி விழுந்தார். மோதல் எதுவும் நிகழவில்லை. எனினும், கணினிதான் தவறு செய்யும், மனிதர் திருத்துவார் என்ற நம் வழக்கமான எண்ணம் இங்கே தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள்.

கார் கேட்காமலே இருந்துவிடுவது இன்னொரு வகை ஆபத்து. தனக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தால்தானே கேட்கும்? 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய வேறொரு கார் மோதியதில் ஒரு பாதசாரி தூக்கியெறியப்பட்டு க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாக் காரின் முன் விழுந்தார். க்ரூஸ் கார் அவர்மீது ஏறி நின்றது. பின்னர், பக்கவாட்டில் ஏதோ மோதியதாகத் தவறாகக் கணித்து, ஓரங்கட்டுவதற்காக மீண்டும் நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. விபத்துக்குப் பின் ஓரங்கட்டுவது பொதுவாக நல்ல விதிதான். அசையலாமா என்று ஒரு மனிதரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரே தருணத்தில் அது கேட்கவில்லை, அவ்வளவே. அந்த மாதமே கலிஃபோர்னியா வாகனத் துறை க்ரூஸின் ஆளில்லா ஓட்ட உரிமத்தை நிறுத்திவைத்தது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸித் தொழிலுக்குப் பணம் போடுவதையே நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது வகை, எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் கேட்பது. 2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து, சுமார் 1,30,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. சிக்னல்கள் அணைந்த சந்திப்புகளில் வேமோ கார்கள் நடுவிலேயே நின்று போக்குவரத்தை மறித்த படங்கள் அன்றிரவே பரவின. அணைந்த சிக்னலை நான்கு பக்கமும் நின்று செல்லும் சந்திப்பாகக் கருத வேண்டும் என்ற சாலை விதி அந்தக் கார்களுக்குத் தெரியும். அன்று 7,000-க்கும் மேற்பட்ட அணைந்த சிக்னல்களை அவை கடந்ததாக நிறுவனம் தெரிவித்தது. ஆனால் சில இடங்களில், எச்சரிக்கையாக, "இது உண்மையிலேயே அணைந்துதான் இருக்கிறதா?" என்று அவை மனிதரிடம் உறுதி கேட்கும். சாதாரண நாளில் இது பாராட்டத்தக்க பழக்கம். அன்று அந்தக் கேள்விகள் மொத்தமாகக் குவிந்து, பதிலுக்குக் காத்திருந்த கார்கள் சந்திப்புகளில் தேங்கின. இணைப்பு அறுந்தாலும் இதே நிலைதான்: 2022 ஜூனில் மையத்துடன் தொடர்பு இழந்த ஏறக்குறைய 60 க்ரூஸ் கார்கள் நகரெங்கும் நின்றன, 2023 ஆகஸ்டில் ஓர் இசை விழாக் கூட்டத்தால் செல்பேசி அலைவரிசை நெரிந்தபோது சுமார் 10 கார்கள் நார்த் பீச் பகுதியில் தெருவை அடைத்தன. மின்தடை, திருவிழா, நிலநடுக்கம் என்று ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும் நாளில்தான் உதவியாளர்களின் எண்ணிக்கை போதுமா என்பது தெரியவரும்.

சட்டங்கள் இதை ஓரளவு உணர்ந்துள்ளன. ஜெர்மனியின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஆளில்லா வாகனத்துக்கு 'தொழில்நுட்ப மேற்பார்வையாளர்' என்ற மனிதரைக் கட்டாயமாக்குகிறது. தொடர்பு அறுந்தால் வாகனம் தானாகவே ஆபத்துக் குறைந்த நிலைக்குச் செல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. ஜப்பானின் எய்ஹெய்ஜி என்ற சிற்றூரில் 2023-இல் தொடங்கிய ஆளில்லாச் சேவையில் மூன்று வண்டிகளுக்கு ஒரு கண்காணிப்பாளர் என்ற ஏற்பாடு உள்ளது. கலிஃபோர்னியாவில் ஓட்டுநரின்றிச் சோதனை நடத்தவே வாகனத்துக்கும் தொலை இயக்குநருக்கும் இடையே தகவல் தொடர்பு இருக்கும் என்று நிறுவனம் சான்றளிக்க வேண்டும். உதவியாளர் எந்த நாட்டில் இருக்கலாம் என்ற கேள்வி அண்மையில்தான் சூடு பிடித்தது: தன் உதவியாளர்களில் சிலர் பிலிப்பைன்ஸில் பணிபுரிகிறார்கள் என்று 2026 பிப்ரவரியில் அமெரிக்க செனட் குழுவின் முன் வேமோ அதிகாரி சொன்னதும் உறுப்பினர்கள் கொதித்தார்கள். தொலைவைக் காட்டிலும் பயிற்சிதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆயினும், உள்ளூர்ச் சாலை வழக்கத்தை அறியாதவருக்கு லாரிக் கேள்விகூடக் கடினமாகலாம் என்பதை மறுக்க மாட்டேன்.

இந்த வண்டிகளில் ஏறுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உதவிப் பொத்தானை அழுத்தினால் உங்களோடு பேசுபவர் பயணிகள் உதவிப் பிரிவைச் சேர்ந்தவர்; காரின் கேள்விக்குப் பதில் சொல்பவர் பெரும்பாலும் வேறொருவர். ஆகவே "கார் ஏன் நிற்கிறது?" என்று அவரைக் கேட்டால் உடனே தெளிவான விடை கிடைக்காமல் போகலாம். வெளியே நீங்கள் காண்பதை, அதாவது சாலை அடைக்கப்பட்டிருக்கிறது, போலீஸ்காரர் கைகாட்டுகிறார், தீயணைப்பு வண்டி வருகிறது என்பதைச் சொல்லுங்கள். அது மிகவும் பயன்படும். இறங்க விரும்பினால், ஓரங்கட்டச் சொல்லும் வசதியைப் பயன்படுத்தி, கார் முழுதாக நின்ற பின் நடைபாதைப் பக்கமாக இறங்குங்கள். சான்ட்லர் நிகழ்வைப் போல, நின்ற கார் அறிவிப்பின்றி மீண்டும் நகரக்கூடும். எனவே அதன் முன்னால் நின்று படம் எடுப்பதைத் தவிருங்கள். 2023-இல் சான் பிரான்சிஸ்கோவில் சிலர் எதிர்ப்பாக இந்தக் கார்களின் பானெட்டில் கூம்பு வைத்து முடக்கினார்கள். அவர்களின் கோபத்துக்குக் காரணங்கள் இருந்தன என்றாலும், அப்படி முடங்கிய காரின் பின்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் அதை விலக்குவதற்கு உள்ளே ஓட்டுநர் இல்லை.

உங்கள் நகரத்தில் இந்தச் சேவை வரப்போகிறதென்றால், பொதுக் கூட்டங்களில் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. சோதனை ஓட்டுநர் எத்தனை முறை காரைத் தன் கையில் எடுத்தார் என்ற கணக்கைக் கலிஃபோர்னியா ஆண்டுதோறும் வெளியிட்டு வந்துள்ளது. தொலை உதவிக் கோரிக்கைகள் அதில் இடம்பெறவில்லை. க்ரூஸ் கார்கள் நெருக்கடியான நகரச் சூழலில் 2 முதல் 4 விழுக்காட்டு நேரம் தொலை உதவி பெற்றன என்பதுகூட, பத்திரிகைச் செய்தி ஒன்று வெளியான பிறகே 2023 நவம்பரில் அதன் அப்போதைய தலைவர் கைல் வோக்ட் சொல்லித் தெரியவந்தது. கோரிக்கைகள் எத்தனை என்பதைவிட, கேள்வி எழுந்த நொடியிலிருந்து பதில் வந்த நொடி வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கையே கேளுங்கள். ஆண்டுச் சராசரியைக் கொடுத்தால் ஏற்க வேண்டாம்; அந்த ஆண்டின் மிக மோசமான நாளில், அணைந்த சிக்னலின் கீழ் நின்ற கார் எத்தனை நிமிடம் காத்திருந்தது என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.