இன்டர்நெட் போனாலும் எஸ்எம்எஸ் வர வேண்டும்: எந்த மோடம் வாங்குவது?

நாகியோஸ், ஸாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் பல ஆபீஸ்களில், ஏதாவது விழுந்தால் மெயில் வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். விழுந்தது இன்டர்நெட் லைனே என்றால் அந்த மெயில் எப்படி வெளியே போகும்? ரோடு தோண்டும்போது ஃபைபர் வெட்டுப்படுவது சென்னையில் சகஜம். அதனால்தான் சர்வரிலேயே தனி சிம்மோடு ஒரு மோடம் வேண்டும், அதுவும் ஆபீஸ் லைன் கொடுக்கும் நிறுவனத்தின் சிம்மாக இல்லாமல்.

வேலை செய்யும் விதம் எளிது. அந்த மென்பொருள் மோடத்தோடு பேசும் வழியான சீரியல் போர்ட்டைத் திறந்து, மோடத்துக்கு உத்தரவிடும் ஏடி கட்டளைகளை அனுப்பும்: முதலில் டெக்ஸ்ட் மோட், அடுத்து எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லும் சிஎம்ஜிஎஸ் கட்டளையோடு போன் நம்பர், மோடம் '>' குறி காட்டியதும் செய்தி, முடிவில் கன்ட்ரோல்-இசட். பதிலாக ஓகே வந்தால் நெட்வொர்க் செய்தியை வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள், உங்கள் போனுக்கு வந்து சேர்ந்தது என்று அல்ல.

சிக்கல் மோடம் வாங்கும்போதுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வெறுமனே 4ஜி டாங்கிள் என்று கேட்டு வாங்கினால், அது கம்ப்யூட்டரிடம் தன்னை நெட்வொர்க் கார்டாகக் காட்டிக்கொள்ளும் வகையாக இருக்கலாம், அதில் பெரும்பாலும் ஏடி கட்டளைக்கு வழியே இருக்காது. ஹுவாவே இ3372 மாடலிலேயே எச், எஸ் என்று இரண்டு உண்டு, நமக்கு வேண்டியது சீரியல் போர்ட்டாகத் தெரியும் எஸ். சிம்800 சிப் வைத்த மலிவு மோடம்களும் கிடைக்கும், ஆனால் அவை 2ஜி மட்டுமே, ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம் அதில் எடுக்காது. இன்னொன்று, சிக்னல் பலவீனமான இடத்தில் அந்த சிப் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், யுஎஸ்பி 2.0 போர்ட்டோ 500 மில்லிஆம்பியருக்குத்தான் உத்தரவாதம் தரும். காரணமே தெரியாமல் மோடம் அடிக்கடி ரீசெட் ஆனால் முதலில் பவரைப் பாருங்கள். தனி அடாப்டரும் வெளி ஆன்டெனா மாட்டும் வசதியும் உள்ள 4ஜி மோடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பே இல்லை.

ஆன்டெனாவை இரும்பு ராக்குக்கு வெளியே வையுங்கள். சிஎஸ்க்யூ கட்டளை 0 முதல் 31 வரை சிக்னல் அளவைச் சொல்லும், 10-க்குக் கீழே என்றால் இடத்தை மாற்றுங்கள், 99 வந்தால் அளக்கவே முடியவில்லை.

செய்தியை ஆங்கிலத்தில் வைப்பது நல்லது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான், அதிலும் 'கோ' என்பது இரண்டாகக் கணக்காகும்.

அப்புறம், ரீசார்ஜ் முடிந்த சிம் யாரிடமும் சொல்லாமல் செத்துப்போகும். தினமும் காலை 9 மணிக்கு ஒரு சோதனை எஸ்எம்எஸ் வரும்படி, குறித்த நேரத்தில் வேலையைத் தானாகச் செய்யும் கிரானில் போட்டுவிடுங்கள். அது வராத நாளில் முதலில் சிம்மின் வேலிடிட்டியைப் பாருங்கள்.