பூங்காவுக்குப் படம் போடும் முன் மண்ணைப் பாருங்கள்

வடசென்னையில் ஒரு பழைய கிடங்கு வளாகம். பூங்காவாக மாறப் போகிறது, தொல்லியல் நோக்கில் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கி முடித்திருந்தார்கள். ஒரு குழியின் ஓரத்தில் சுண்ணாம்புக் காரை ஒட்டிய செங்கல் கிடந்தது. காரையை நகத்தால் சுரண்டினால் சரியாக வேகாத கிளிஞ்சல் துணுக்குகள் தெரிந்தன. ஜேசிபி ஓட்டிய தம்பியிடம் கேட்டேன். "கீழே தளம் மாதிரி செங்கல் பாவி இருந்துச்சு சார். நாலு லோடு அள்ளியாச்சு" என்றார்.

அந்தத் தளம் எந்தத் திசையில் ஓடியது, அதற்கு மேல் என்ன மண் இருந்தது, கீழே என்ன மண் இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் மேல் தப்பே இல்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. வேலைப் பட்டியலில் புதர் நீக்கம் முதல் வரியாக இருந்தது, ஆய்வு ஐந்தாவது வரியாக இருந்தது.

அடுக்குமாடிக் கட்டடம் என்றால் தூண் நிற்கும் இடத்தில் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) அடித்தே ஆக வேண்டும். பூங்கா அப்படியில்லை. நடைபாதையைப் பத்தடி தள்ளிப் போடலாம், நீரூற்றை வேறு மூலைக்கு மாற்றலாம். ஆனால் படம் வரைந்து, டெண்டர் விட்ட பிறகு ஒரு மரக்குழியைக்கூட நகர்த்த முடியாது. மரக்குழி, வடிகால், மின்கம்பிப் பள்ளம் எல்லாம் மூன்று நான்கு அடிக்குள் வருபவை. இந்தப் பக்கத்தில் நான் பார்த்த இடங்களில் பழைய சுவர்களும் தளங்களும் பெரும்பாலும் அதே ஆழத்தில்தான் இருந்தன.

பழையதும் பூங்காவும் சேர்ந்து இருக்க முடியுமா என்று கேட்பவர்களை ராயபுரம் மாடிப் பூங்காவுக்குப் போகச் சொல்வேன். 18ஆம் நூற்றாண்டில் கருப்பர் நகரத்தை, அதாவது கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் குடியிருந்த பகுதியை, சுற்றிக் கட்டிய மதிலின் மிச்சம்தான் அது. மதிலின் மேல் இருப்பதால்தான் அது மாடிப் பூங்கா. அதே ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த திடல் அது. அங்கே மண்ணுக்கு அடியில் எதுவும் கிடைக்காவிட்டாலும் வரலாறு உண்டு. அதனால்தான் தொல்லியல் ஆய்வோடு வரலாற்று ஆய்வும் சேர்ந்தே போக வேண்டும் என்கிறேன்.

வேலை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தொடங்க வேண்டும். பழைய நில அளவைப் படங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்த்தால் தூர்ந்த குளம், தோப்பு, ரயில் கிளைப்பாதை எல்லாம் எழுந்து வரும். 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன ஐந்து ஊர்களில் திருவொற்றியூர், கத்திவாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு என்று நான்கு வடசென்னையில்தான் இருக்கின்றன. 1806இல் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய்தான் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியானது. கால்வாயை ஒட்டிய மனை என்றால் படகுத்துறையும் கிடங்கும் இருந்திருக்குமா என்று தேடாமல் விடக்கூடாது.

காகிதத்தில் இல்லாதது மனிதர்களிடம் இருக்கும். வேறொரு இடத்தில் கேட் பக்கத்தில் இட்லி விற்கும் பாட்டி, "அந்த வேப்பமரத்துக்குப் பின்னாடி கிணறு இருந்துச்சுப்பா. ஒரு பையன் வுழுந்துட்டான், அப்புறம் மூடிட்டாங்கோ" என்றார். எந்தப் படத்திலும் அந்தக் கிணறு இல்லை. பின்னர் அங்கே சோதனைக் குழி போட்டபோது ஒன்றரை அடியிலேயே வளைந்து போகும் செங்கல் வரிசை தட்டுப்பட்டது. மூடிய கிணறு எங்களுக்குப் பெரிய வரம். உள்ளே விழுந்ததை அதன் பிறகு யாரும் கிளறியிருக்க மாட்டார்கள்.

களத்தில் நடப்பது அதற்கு அப்புறம். புதரைக் கணுக்கால் உயரத்தில் வெட்டுங்கள், வேரைத் தொடாதீர்கள். ஐந்து மீட்டர் இடைவெளியில் கோடு போட்டு நடந்து, கிடப்பதைக் கிடந்த இடத்திலேயே குறிக்க வேண்டும். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு தொடங்குவது நல்லது. ஐப்பசியில் குழி தோண்டினால் ஊறி வரும் தண்ணீரை இறைப்பதற்கே நாள் போய்விடும். ஆலை இருந்த மண்ணானால் முதலில் ரசாயனப் பரிசோதனை. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை வெறுங்கையால் தொடவே கூடாது.

இங்கே அதிகம் ஏமாற்றுவது கொட்டிய மண். பள்ளத்தை மேடாக்க எங்கிருந்தோ லாரியில் வந்த மண்ணில் அழகான பானைத் துண்டு கிடைக்கலாம். அது இந்த ஊர்க் கதையைச் சொல்லாது. பிளாஸ்டிக் பையும் பானைத் துண்டும் ஒரே அடுக்கில் வந்தால் இன்னும் கீழே போக வேண்டும். கூரை ஓட்டின் முதுகில், மங்களூரில் ஓட்டு ஆலை நடத்திய பாசல் மிஷன் முத்திரை இருந்தால், அந்த ஆலை 1865இல் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தைய அடுக்கு இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

குழி என்றாலே அனுமதிப் பேச்சு வரும். தொல்லியல் அகழாய்வைத் தன்னிஷ்டத்துக்குச் செய்ய முடியாது. ஒன்றிய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் பக்கத்தில் இருந்தால், அதிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட முடியும். இதை முதல் வாரத்திலேயே அளந்துவிடுங்கள்.

கடைசியில் எங்களிடமிருந்து போக வேண்டியது ஒரே ஒரு படம். சிவப்பில் தோண்டக் கூடாத இடம், மஞ்சளில் எங்கள் ஆள் உடன் நின்று கவனிக்கத் தோண்ட வேண்டிய இடம், பச்சையில் தாராளமாக வேலை செய்யும் இடம். அதைப் பூங்கா வடிவமைப்பவரின் மேசையில் முதல் கோடு விழும் முன்பே வைத்துவிட வேண்டும். டெண்டரிலும் ஒரு நிபந்தனை வேண்டும்: பழைய கட்டுமானம் தென்பட்டால் வேலையை நிறுத்தித் தகவல் தர வேண்டும், நிறுத்திய நாட்களுக்கு ஒப்பந்ததாரருக்கு அபராதம் இல்லை. அபராதம் இருந்தால் எதுவும் 'தென்படாது'.

அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களும் செய்யக்கூடியது உண்டு. வேலை நடக்கும்போது வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, இடம் தெரியும்படி போட்டோ எடுங்கள், தாசில்தார் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் சட்டம். உங்கள் வார்டில் பூங்கா வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: "படம் போட்டாச்சா? அதுக்கு முன்னாடி யாராவது நிலத்தை நடந்து பார்த்தாங்களா?"