கடன் கட்ட முடியாவிட்டால் ஜெயிலா? கடன் வசூலுக்காகக் கோர்ட்டிலிருந்து இ.பி. நோட்டீஸ் வந்தவர்கள் கவனத்துக்கு

வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமில்லை. அந்த ஒரு காரணத்துக்காக யாரையும் சிறையில் அடைக்கவும் கூடாது. ஆனால் வசூலுக்கு வந்தவர் வாசலில் நின்று "உள்ளே தள்ளிடுவோம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடும்போது இதை எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை. நோட்டீஸ் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனாவும் சொல்ல மாட்டார். ஜெயிலுக்குப் பயந்து தோட்டையும் சங்கிலியையும் விற்றவர்கள், ஒரு கடனை அடைக்க மீட்டர் வட்டிக்குப் போனவர்கள் என்று நிறையப் பேரைப் பார்த்தாயிற்று. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966-ல் ஐ.நா. சபை ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11-வது பிரிவு ஒரே வரிதான்: ஒப்பந்தப்படி செய்ய வேண்டியதைச் செய்ய இயலவில்லை என்பதற்காக மட்டும் எவரையும் சிறையில் வைக்கக் கூடாது. நெருக்கடி நிலையில்கூட இந்தப் பிரிவை நிறுத்தி வைக்க முடியாது. இந்தியா 1979 ஏப்ரல் 10-ல் இதில் சேர்ந்தது.

சேர்ந்துவிட்டால் போதுமா? போதாது. நம் நாட்டில் சர்வதேச உடன்படிக்கை தானாக உள்ளூர்ச் சட்டமாகிவிடாது. நாடாளுமன்றம் அதற்கென்று சட்டம் இயற்ற வேண்டும். அரசமைப்பின் 253-வது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. சட்டம் வராதவரை நீதிமன்றத்தால் செய்ய முடிந்தது ஒன்றுதான். உள்ளூர்ச் சட்டத்துக்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்ல இடம் இருந்தால், உடன்படிக்கையோடு ஒத்துப்போகிற பொருளை அது எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்ச் சட்டம் நேரெதிராக இருந்தால் உள்ளூர்ச் சட்டம்தான் நிற்கும்.

1980 பிப்ரவரி 4-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைத்தான் செய்தார். பேங்க் ஆஃப் கொச்சின் வழக்கு, ஏ.ஐ.ஆர். 1980 எஸ்.சி. 470 என்று தீர்ப்புத் தொகுப்பின் எண்ணைச் சொன்னால் எந்த வக்கீலும் எடுத்துவிடுவார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 51-வது பிரிவின்படி, டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு, ஆன பிறகு எப்போதாவது கையில் பணம் இருந்து, அதைக் கட்டாமல் விட்டிருந்தால் கடனாளியைச் சிவில் சிறையில் (குற்றத் தண்டனையாக இல்லாமல், டிகிரியை நிறைவேற்ற அடைக்கும் சிறை) போடலாம். எழுத்துக்கு எழுத்து படித்தால், அன்று பணம் இருந்து இன்று ஒன்றுமில்லாமல் நிற்பவரையும் பிடிக்கலாம். அப்படிப் படிக்கக் கூடாது என்றது தீர்ப்பு. வெறுமனே கட்டாமல் இருந்தது போதாது; கெட்ட எண்ணத்தோடு ஏய்த்திருக்க வேண்டும், அல்லது இன்றைக்குக் கட்டும் வசதி இருக்க வேண்டும். அவருடைய மற்ற அவசரத் தேவைகளையும் நெருக்கடிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே முன்சீப் கோர்ட்டில் போய் "ஐ.நா. சொல்லியிருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள், எடுபடாது. 51-வது பிரிவையும் இந்தத் தீர்ப்பையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி காரியத்துக்கு வருவோம். புரோநோட்டுக் கடனோ வங்கிக் கடனோ, கடன் கொடுத்தவர் முதலில் வழக்குப் போட்டு டிகிரி வாங்க வேண்டும். அப்புறம் அதை நிறைவேற்றக் கேட்டு மனுப் போட வேண்டும். அதுதான் எக்சிகியூஷன் பெட்டிஷன், கோர்ட் வளாகத்தில் இ.பி. கைது கேட்டு இ.பி. போட்டால் உங்களுக்கு நோட்டீஸ் வரும். உங்களை ஏன் சிவில் சிறையில் அடைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்ட இன்ன தேதியில் ஆஜராக வேண்டும் என்று அதில் இருக்கும். "சிவில் சிறை" என்ற வார்த்தையைப் பார்த்ததும் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. அந்தத் தாள் கைது உத்தரவு இல்லை. உங்கள் பக்கத்தைச் சொல்லக் கூப்பிடுகிற தாள். நீங்கள் போகாவிட்டால் கடன் கொடுத்தவர் கேட்டதும் வாரண்ட் பிறப்பிக்க விதி இருக்கிறது. இயலாதவர் என்று காட்டினால் கிடைக்கும் பாதுகாப்பை, வராமல் இருந்தே இழந்துவிடுகிறீர்கள். அது மட்டுமா? தலைமறைவாகப் பார்க்கிறார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லவும் வழி ஆகிவிடும். ஓடிப்போவார் என்பதே கைதுக்கு ஒரு தனிக் காரணம்.

நோட்டீஸ் கைக்கே வராமல் போவதும் உண்டு. வீடு மாறியிருப்பீர்கள், பழைய வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, சார்பு ஆனது, அதாவது நோட்டீஸ் உங்களிடம் சேர்ந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். டிகிரியே எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நீங்கள் ஆஜராகாமலே ஒருதலையாக, ஆகியிருக்கலாம். டிகிரி ஆகி 12 வருடம் வரை இ.பி. போட முடியும் என்பதால், மறந்தே போன கடன் திடீரென்று வாசலுக்கு வரும். ஆகவே எங்கேயாவது கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கியிருந்தால், அல்லது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயரைப் போட்டு மாவட்ட நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பாருங்கள். வழக்கு இருந்தால் 16 எழுத்து கொண்ட சி.என்.ஆர். எண்ணை, அதாவது வழக்கின் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இருந்தால் அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டு எந்த மேசை முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். கோர்ட் அலுவலகத்தில் "வக்கீலைக் கேளுங்க" என்பார்கள், வக்கீல் குமாஸ்தா "நாளைக்கு வாங்க" என்பார். ஒரு மனிதனின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட தேதியைச் சொல்ல இத்தனை அலைச்சல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சம்மனே முறையாகச் சார்பு ஆகாமல் எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகியிருந்தால், உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து செய்யக் கேட்டு மனுப் போட வேண்டும். தள்ளிப்போட்டால் தாமதத்துக்குத் தனி மனு, அதற்குத் தனி வாய்தா என்று இழுக்கும்.

ஆஜரானால் என்ன செய்வது? உங்களுக்கு வசதி இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். கவுண்ட்டர், அதாவது பதில் மனு போடுங்கள். வங்கிப் பாஸ்புக், சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி பில், பள்ளிக் கட்டண ரசீது, மற்ற கடன்களின் விவரம் எல்லாவற்றையும் கோப்பில் சேருங்கள். மற்ற தேவைகளைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது வெறும் பேச்சில் பலிக்காது. காகிதமாகக் கோப்பில் இருக்க வேண்டும். "அண்ணன் பேரில் வீடு இருக்கிறதே, பி.எஃப். இருக்கிறதே" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ஜப்தி செய்யக் கூடாத எதையும் உங்கள் வசதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே 51-வது பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. பி.எஃப். இருப்பு, கூலித் தொழிலாளியின் கூலி, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதை, வீட்டில் சமைக்கும் பாத்திரம், படுக்கை, தாலி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். மாதச் சம்பளத்திலும் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. சம்பளம் 16,000 என்றால் பிடிக்கக்கூடியது 5,000 தான்.

இன்னொரு கண்ணி. "மாசம் பத்தாயிரம் கட்டிடறேன்னு எழுதிக் குடுங்க, இப்போதைக்கு விட்டுருவாங்க" என்று வராண்டாவில் யாராவது சொல்வார்கள். முடியாத தொகைக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். ரெண்டு தவணை கட்டி மூன்றாவதில் நின்றால், வசதி இருந்தும் கட்டவில்லை என்பதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி. ஆயிரம்தான் முடியும் என்றால் ஆயிரம் என்றே சொல்லுங்கள். வழக்குப் போட்ட பிறகு மனைவி பேருக்கோ தம்பி பேருக்கோ சொத்தை மாற்றும் யோசனையையும் கேட்காதீர்கள். ஏய்க்கும் எண்ணத்தோடு மாற்றினார் என்று காட்டிவிட்டால் கிருஷ்ணய்யர் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

பெண்களுக்கு ஒன்று. பணம் கட்டச் சொல்லும் டிகிரிக்காக எந்தப் பெண்ணையும் கைது செய்யவோ சிவில் சிறையில் வைக்கவோ முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 56-வது பிரிவு; இதில் விலக்கே கிடையாது. குழுக் கடன் வசூலுக்கு வந்து, சக பெண்கள் முன்னால் நிற்க வைத்து "போலீஸ் வரும்" என்று மிரட்டுகிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் மிரட்டுகிறார்கள். வங்கி, நிதி நிறுவன வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது; குழுக் கடன் போன்ற சிறுகடன்களுக்கு அது காலை 9, மாலை 6. வந்த அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட்டை நேரத்தோடு எடுத்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கைது வந்தாலும் எல்லை உண்டு. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைதுக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. சிவில் சிறையில் அதிகபட்சம் மூன்று மாதம். உங்கள் சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவர்தான் கட்ட வேண்டும், அவர் நிறுத்தினால் உங்களை விட்டுவிட வேண்டும். வெளியே வந்த பின் அதே டிகிரிக்கு மறுபடி கைது கிடையாது. கடன் மட்டும் அப்படியே இருக்கும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. செக் திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின் கீழ் குற்ற வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் வழக்குப் போட வழி திறந்துவிடும். அங்கே "என்னிடம் பணம் இல்லை" என்பது பதிலாகாது. நிதி நிறுவனங்கள் கடன் கொடுக்கும்போதே செக்கை வாங்கி வைப்பது சும்மா இல்லை. ஜீவனாம்ச பாக்கியும் இந்தப் பாதுகாப்பில் வராது. வீட்டை அடமானம் வைத்திருந்தால் வீடு போகலாம்.

காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டால் என்ன புகார், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். கடன் வாங்கும்போதே ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் மோசடி; பிறகு கட்ட முடியாமல் போனது மோசடி ஆகாது. அங்கே உட்கார வைத்து வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்று கொண்டுவா என்று இவர்களைத் திருப்பி அனுப்பினால், 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவைச் சொல்லி மனுவை வாங்கச் சொல்லுங்கள். தொலைபேசி உதவிக்கு 15100. நோட்டீஸில் போட்டிருக்கும் தேதிக்கு முன்னாலேயே போய்விடுங்கள். அன்று காலையில் போய் வக்கீல் கேட்டால் வாய்தா வாங்கத்தான் நேரம் இருக்கும், கவுண்ட்டர் போட இருக்காது.