ஜுரம்னு சொல்லச் சொல்லிச்சு டீச்சர்

"டீச்சர், எனுக்கு நேத்து ஜொரம்னு எங்கம்மா சொல்லச் சொல்லிச்சு."

மகா சிவராத்திரி முடிந்து மயானக் கொள்ளை வந்துபோன மறுநாள், வேலூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் இப்படி ஒரு வாக்குமூலம் கிடைப்பது ஆச்சரியமில்லை. பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு அங்காளம்மன் ஊர்வலம் போகிறது, காளி வேஷம் கட்டியவர்கள் ஆடிக்கொண்டு வருகிறார்கள். அன்றைக்கு எந்தப் பிள்ளை வகுப்பில் உட்காரும்? லீவ் லெட்டரில் காய்ச்சல்தான் இருக்கும். "காளியைப் பாத்து பயந்துட்டியா?" என்று டீச்சர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஆயா ஊட்டாண்ட சாப்பிட்ட கறிக்குழம்பு வரை எல்லாம் வெளியே வந்துவிடும்.

பொய் சொல்வதைச் சுலபமான வேலை என்று பெரியவர்கள் நினைக்கிறோம். மூளைக்கு அது கடினமான வேலை. முதலில், எனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று புரிய வேண்டும். ஆஸ்திரிய உளவியலாளர்கள் ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் 1983இல் இதற்கு ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் இது மெல்ல மாறுகிறது. கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளிடம் இதே வகைச் சோதனை செய்து 2005இல் வெளியான ஆய்விலும், ஐந்து வயதுக்குள் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

"மணி நேத்து நாலு குட்டி போட்டுச்சு டீச்சர்!" என்று எல்.கே.ஜி. பிள்ளை ஓடிவந்து சொல்வதும் இதனால்தான். மணி என்பது அவர்கள் வீட்டு நாய் என்று டீச்சருக்கு யார் சொன்னார்கள்? பக்கத்து பெஞ்சு மணிகண்டன் அழ ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரியும்.

ஆனால் புரிந்துவிட்டால் மட்டும் ரகசியம் காப்பாற்றப்படுவதில்லை. நாக்கையும் அடக்க வேண்டும். அந்த பிரேக் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் இருக்கிறது. இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கும் பகுதி அது. கனடாவில் விக்டோரியா தல்வாரும் காங் லீயும் குழந்தைகளைத் தனியே விட்டு, பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தார்கள். பெரும்பாலோர் பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்றும் சாதித்தார்கள். "சரி, என்ன பொம்மையாக இருக்கும்?" என்று கேட்டதும் சின்னவர்களில் பலர் பொம்மையின் பெயரைப் பளிச்சென்று சொல்லி மாட்டிக்கொண்டார்கள். பொம்மையை மூடியிருந்த துணிக்கடியில் கைவிட்டுத் தொட்டுப் பார்த்த ஒரு சிறுமி, தொட்டால் ஊதா நிறமாகத் தெரிந்தது, அதனால் இது பார்னிதான் என்றாளாம். பார்னி ஓர் ஊதா டைனோசர் பொம்மை. நம் ஊர் லீவ் லெட்டர் இந்தச் சிறுமியைவிடக் கொஞ்சம்தான் தேவலை.

நம்மைக் கண் கலங்க வைப்பதும் இதே மனம்தான். அங்கன்வாடி டீச்சர் ஏதோ வருத்தத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தால், மூன்று வயதுக் குழந்தை வந்து, "அயாத டீச்சர், எங்கம்மாவ கூட்டாரவா?" என்று கேட்கும். அழும் தோழனைத் தேற்ற, அவனுடைய அம்மா பக்கத்திலேயே இருந்தும் தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்த குழந்தையைப் பற்றி உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் எழுதியிருக்கிறார். அடுத்தவர் துயரம் அந்த வயதுக்கே உறைக்கிறது. மருந்துதான் தனக்குப் பலித்த மருந்து.

அதற்காக, பிறர் விருப்பம் அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்க வேண்டாம். 1997இல் பெட்டி ரெபகோலியும் ஆலிசன் கோப்னிக்கும் வெளியிட்ட ஆய்வில், பிஸ்கட்டைக் கண்டு முகம் சுளித்து ப்ரோக்கோலியை ரசித்துக் காட்டினார் ஒரு பெண். பிறகு கையை நீட்டிக் கேட்டதும், 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். 18 மாதக் குழந்தைகள் ப்ரோக்கோலியைக் கொடுத்தார்கள். அடுத்தவருக்கு என்ன பிடிக்கும் என்பது ஒன்றரை வயதில் பிடிபடுகிறது. அடுத்தவருக்கு என்ன தெரியும் என்பதுதான் இன்னும் சில வருடம் எடுத்துக்கொள்கிறது.

எல்லாச் சிரிப்புக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. ஆற்றுக்கு நீலம் அடிக்கச் சொன்னால், பழுப்பு கிரேயானை எடுக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருக்கும். "பாலாத்துல மணலுதான் கீது டீச்சர்" என்று சொல்லும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியபோது அது கைக்குழந்தை. "தண்ணி கோட்டை அகழில கீது. அதுக்கு நீலம் அடிக்கட்டா?" என்று அடுத்த கேள்வியும் வரும். இதில் எந்தக் குழப்பமும் இல்லை, கண்ணால் கண்டதை வைத்துப் போட்ட கணக்கு. நீல ஆற்றை அச்சடித்தது பாடப் புத்தகம்.