"ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ" என்று போன் வந்தால் என்ன செய்வது?

போன மழைக்காலத்தில் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் ரோட்டுக் குழியில் தேங்கிய தண்ணீரை வீடியோ எடுத்து, வார்டு உறுப்பினரைத் திட்டி நாலு வரி சேர்த்து முகநூலில் போட்டான். மறுநாள் காலையிலேயே போன். "மக்கா, ஸ்டேஷன் வரைக்கும் ஒருக்கா வந்துட்டுப் போ, போனையும் கொண்டு வா." அவன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் மகனின் ஆதார் நகல். "தம்பி, அதை அழிக்கச் சொல்லட்டா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், நம் பேச்சுரிமை அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவில் இருக்கிறது. அதற்கு அரசு எந்தெந்தக் காரணத்துக்காகக் கட்டுப்பாடு போடலாம் என்பது 19(2)ல் இருக்கிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுவது. அவ்வளவுதான். ஒருவருக்குக் கோபம் வந்தது, சங்கடமாக இருந்தது என்பதெல்லாம் அதில் கிடையாது.

"அவதூறு இருக்கிறதே" என்று கேட்பீர்கள். சரி, இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இபிகோவுக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 356. ஆனால் அது போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கிற குற்றம் இல்லை, பாதிக்கப்பட்டதாக நினைப்பவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். அதனால் வார்டு உறுப்பினரைப் பற்றி எழுதியதற்கு ஸ்டேஷனில் கூப்பிட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: "என் மேல் மனு வந்திருக்கா, சிஎஸ்ஆர் நம்பர் என்ன? எந்தப் பிரிவு?" (சிஎஸ்ஆர் என்பது மனுவைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது.) மரியாதையாகவே கேளுங்கள், சார் என்றே கூப்பிடுங்கள், ஆனால் கேளுங்கள். விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். கைது தேவைப்படாத வழக்குகளில் அது பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) நோட்டீஸ். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. எழுத்தில் வந்தால் கட்டாயம் போக வேண்டும், தட்டிக் கழிக்காதீர்கள். போய் ஒத்துழைப்பவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் அதற்கான காரணத்தைப் போலீஸ் பதிவு செய்தாக வேண்டும். சாட்சியாக விசாரிக்க என்றால் பெண்கள், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், 15 வயதுக்குக் கீழான பையன்கள் யாரையும் ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் (பிஎன்எஸ்எஸ் பிரிவு 179).

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு என்பார்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. போனை வாங்கி வைத்தால் மகஜர் (பறிமுதல் செய்ததை எழுதும் பத்திரம்) நகல் கேளுங்கள், பறிமுதலை வீடியோவில் பதிய வேண்டும் என்பது பிஎன்எஸ்எஸ் பிரிவு 105.

இணையத்தில் எரிச்சலூட்டும்படி எழுதியதற்கெல்லாம் வழக்குப் போட உதவிய ஐடி சட்டத்தின் பழைய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. அதே தீர்ப்பில் அதே மாதிரியான கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(டி)யும் போயிற்று. களியக்காவிளை தாண்டி தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒரு விஷயத்தைப் பேசுவதும் அதற்காக வாதாடுவதும் குற்றமில்லை, தூண்டிவிடுவதுதான் குற்றம் என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. 2025 மார்ச்சில் ஒரு கவிதைக்காக குஜராத்தில் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றம் என்றால், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்ப்பதே நல்லது என்றும் சொன்னது. நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் ஒன்று உண்டு: சிறுமலைக்குக் குடும்பத்தோடு போனவர் "துப்பாக்கிப் பயிற்சிக்காக" என்று விளையாட்டாக எழுதியதற்குப் போட்ட வழக்கு, 2021ல் ரத்தானது.

இதையும் சொல்லியாக வேண்டும். 1982ல் மண்டைக்காட்டு மதக் கலவரத்தில் என்ன நடந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்தக் குமரி மாவட்டத்தில் ஒரு மதத்தாரை அடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போனால் அது சும்மா பேச்சு இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 196 அதற்குத்தான் இருக்கிறது, அதில் எனக்கு முழு உடன்பாடு. குழியைக் காட்டுகிற வீடியோவுக்கு அதே பிரிவைப் போடும்போதுதான் நாம் எதிர்த்துப் பேச வேண்டும்.

கல்லூரியில் மிரட்டல் வேறு மாதிரி: "டிசி கிழிச்சிருவேன்." ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதியதற்கெல்லாம் இது வருகிறது. யுஜிசி 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். புகார் கொடுத்து 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழக ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைகேட்பு அதிகாரி) முறையிடலாம். சான்றிதழைப் பிடித்து வைப்பதும் அந்த விதியில் புகாருக்குரிய விஷயமே. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் 1986 தீர்ப்பு பெரியது. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது, உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

வேலை இடம் கொஞ்சம் சிக்கல். அரசு ஊழியருக்கு 1973 நடத்தை விதிகள் உண்டு, அரசின் கொள்கையை வெளியில் விமர்சிப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனாலும் அமைதியாக ஆர்ப்பாட்டம் செய்யும் உரிமையை 1962லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது (வேலைநிறுத்தம் அப்படி இல்லை, 2003 தீர்ப்பு அதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை). வங்கி ஊழியர் ஒருவர் சக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் கடுமையாகக் கிண்டலடித்ததற்குக் குற்றச்சாட்டு மெமோ கொடுத்தார்கள். மனக்குமுறலைக் கொட்ட ஊழியருக்கு உரிமை உண்டு என்று சொல்லி 2023ல் மதுரைக் கிளை அந்த மெமோவை ரத்து செய்தது. தனியார் வேலை என்றால் வழி வேறு. முந்திரி ஆலையில் வேலை பார்க்கிற அக்காமார் சங்கத்தில் சேர்ந்ததற்காக நிறுத்தப்பட்டால் தொழிலாளர் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், அல்லது நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போகும்போது போன் வந்த நேரம், பேசியவர் பெயர், பதிவின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். அந்த ஸ்கிரீன்ஷாட்டை, பதிவை அழிக்கலாமா என்று யோசிப்பதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள்.